லவுஞ்சுக்குள் இரண்டு பேர்

மீனம்பாக்கம் ஏரோட்ரோமின் லவுஞ்சில் உப்பிலி மாமா உட்கார்ந்திருந்தது மொத்தம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை அவர் மூன்று வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். இன்னும் தீர்ந்தபாடில்லை.

மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சிற்பம் காட்டுவது மாமாவின் தொழில். ஒரு சமயம் ஓர் அமெரிக்காக்காரி, தான் வாங்கிய கல் யானையை விமானத்தில் ஏற்ற விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து, பேச்சுத் துணைக்கு மாமாவையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு மீனம்பாக்கம் போனாள். யானை ஊர் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமா அதைச் சொல்லமாட்டார். அவர் சொல்வதெல்லாம் லவுஞ்சைப் பற்றித்தான். பெரிய டிக்கெட் வாங்கியவர்களும், கம்பெனி செலவில் பறக்கும் ஆபீசர்களும், விமானம் கிளம்பும்வரை இளைப்பாறுவதற்கென்று தனியாக ஓர் அறை.

"நாற்காலியிலே உட்கார்ந்தா இடுப்பு வரைக்கும் உள்ளே போயிடும்," என்பார். "மெஷின் வெச்சு மார்கழி மாதிரி குளுகுளுன்னு பண்ணியிருப்பான். முகம் தொடைச்சுக்கப் பன்னீர்ல நனைச்ச துண்டு. வெள்ளித் தட்டுல காஷ்மீர் ஆப்பிள். எதுக்கும் விலை கேக்கப்படாது. கேட்டா அவாளுக்கு அவமானம்."

சொல்லச் சொல்ல நாற்காலி ஆழமாகிக்கொண்டே போயிற்று. முதல் வருஷம் தொடை வரை புதைந்தவர் இப்போது இடுப்புக்கு வந்திருந்தார். மாமாவின் தங்கை பெண் செங்கமலம், செங்கல்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இந்த வேகத்தில் போனால் மாமாவின் தலை எப்போது நாற்காலிக்குள் மறையும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமா கோபக்காரர்.

செங்கமலத்தின் அப்பா வரதாச்சாரி தாலூகா ஆபீஸ் குமாஸ்தா. நல்ல மனுஷர். தாசில்தாரைக் கண்டால் எழுந்து நிற்பார், தாசில்தாரின் காலி நாற்காலியைக் கண்டாலும் எழுந்து நிற்பார். அம்மா சுந்தரவல்லிக்கு மகளின் வயதை நினைத்தால் சாப்பாடு இறங்காது. பெண் பார்க்க வந்தவர்களுக்கோ அதெல்லாம் ஒரு தடையாக இல்லை, நன்றாகவே சாப்பிட்டார்கள். ஒரு மாமி, பின்னல் சொந்த மயிர்தானா என்று இழுத்தே பார்த்தாள். இன்னொரு வீட்டார், கால் சரியாக இருக்கிறதா என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கவிட்டார்கள். பையன்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது சரி என்றோ வேண்டாம் என்றோ அவரவர் அம்மாவின் காதில் சொன்னார்கள். செங்கமலத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவர்கள் போனபின் அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"இனிமே யார் வந்தாலும் அவர் என்னைப் பாக்கட்டும். நானும் அவரைப் பாக்கணும். ரெண்டு வார்த்தை கேக்கணும். கல்யாணம் ஆனப்புறம் வேலை பாக்க விடுவாரான்னு கேக்கணும். அதுக்கப்புறம்தான் சரியா இல்லையான்னு நான் சொல்லுவேன். அதுவரைக்கும் நீங்களும் வாக்குக் கொடுக்கப்படாது."

"பெருமாள் சாட்சியா, நீ சொல்லாம நான் சொல்லமாட்டேன்," என்றார் வரதாச்சாரி. சொல்லும்போது கண்கூடக் கலங்கிற்று. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று செங்கமலம் நம்பினாள்.

அப்போதுதான் அம்பியின் ஜாதகம் வந்தது. கல்கத்தாவில் ஒரு டீக் கம்பெனியில் ஆபீசர். பெயருக்குப் பின்னால் படிப்பு எழுதவே தனியாக ஒரு வரி வேண்டும், ஆனால் வீட்டில் இன்னும் அம்பிதான். ஜாதகம் பொருந்தி, போட்டோ போய், கல்கத்தாவில் அவன் அப்பா அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. பையன் ஒரு தடவை நேரில் பார்த்துச் சொன்னால் போதும். பார்க்கத்தான் வழியில்லை. கம்பெனி அவனைக் கொழும்புக்கு மாற்றிவிட்டது, லீவு கிடையாது. கல்கத்தா விமானத்திலிருந்து இறங்கி, மீனம்பாக்கத்தில் சற்று நேரம் காத்திருந்து, கொழும்பு விமானம் ஏறவேண்டும். அந்தச் சற்று நேரம் அவன் லவுஞ்சில் இருப்பான்.

உப்பிலி மாமாவுக்கு ஜன்மம் சாபல்யமாகிவிட்டது. "லவுஞ்சிலேயே பொண்ணு பாத்துடலாம்! நம்ம ஜில்லாவிலேயே லவுஞ்சில் பார்த்த முதல் பொண்ணு நம்மாத்துப் பொண்ணுதான்," என்று மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் ஒத்திகை நடத்தினார். கூடத்தில் மெத்தை மேல் மெத்தை போட்டு, அதில் புதைந்து உட்காரவும், புதைந்தபின் பிறர் உதவியின்றி எழுந்திருக்கவும் வரதாச்சாரிக்குப் பயிற்சி. "மெதுவாப் பேசணும். யாராவது எதையாவது நீட்டினா, உடனே எடுத்துக்கப்படாது, ரெண்டாந்தடவை நீட்டினா எடுத்துக்கணும். கொட்டாவி விடப்படாது." வரதாச்சாரி இரண்டு தடவை மெத்தையிலிருந்து உருண்டார். குளிருக்கென்று கம்பளிப் போர்வை ஒன்றும், மாமாவின் கழுத்துக்கு மப்ளர் ஒன்றும் வெயிலில் காயப்போடப்பட்டன. அது சித்திரை மாதம்.

அம்மா விடியற்காலையிலேயே சொஜ்ஜியும் பஜ்ஜியும் பண்ணி டிபன் காரியரில் அடுக்கினாள். லவுஞ்சில் எல்லாம் கொடுப்பான் என்று மாமா சொல்லிப் பார்த்தார். "அவன் குடுக்கறது அவனோடது. பொண்ணு கையால சொஜ்ஜி குடுக்காம என்ன பொண்ணு பாக்கறது?" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

புதுப்பட்டினத்து அப்துல் சுபஹானின் வாடகைக் காரில் கிளம்பினார்கள். தாம்பரம் தாண்டியதும் மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"இன்னா சாமி, காய்ச்சலா?" என்றார் சுபஹான் பாய்.

"உள்ளே போனா தெரியும் ஓய்," என்றார் மாமா.

லவுஞ்ச் வாசலில் சிவப்புத் தலைப்பாகையும் பித்தளை வில்லையுமாக ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். செங்கல்வராயன் என்று பெயர். டிபன் காரியர், கூஜா, கம்பளி, வெற்றிலைத் தட்டு சகிதம் நாலு பேர் வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான், மரியாதைக்கு அல்ல, மறிப்பதற்கு.

"இன்னா சாமி, கல்யாணத்துக்கு வந்துகினீங்களா, ஏரோப்ளேனுக்கு வந்துகினீங்களா?"

மாமா தம் மகாபலிபுரத்து இங்கிலீஷில் விஷயத்தை விளக்கினார். பல்லவர் காலத்திலிருந்து தொடங்காததுதான் பாக்கி. செங்கல்வராயன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் அம்பியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஐயா வரச்சொன்னாரு. ஆனா ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு ஆளுதான் உள்ள வுடலாம். ரூல்ஸ் அப்டி கீது. அதுக்கு மேல ஒரு ஈ கூடப் போவாது."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானும் அப்பாவும் போறோம்," என்றாள் செங்கமலம்.

அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "நன்னாயிருக்கு! பொண்ணு முதல்ல போய் நிக்கறதாவது. பெரியவா போய் க்ஷேமலாபம் விசாரிச்சு, அப்புறம்னா பொண்ணை அழைச்சிண்டு வரணும்."

பெண் கடைசியில் வருவதுதான் வழக்கம். வழக்கத்தை உண்டாக்கினவர்கள் இப்படி வாசலில் ஒரு செங்கல்வராயன் உட்கார்ந்திருப்பான் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அப்பா போயே ஆகவேண்டும், அவர் பெண்ணைப் பெற்றவர். அவரைத் தனியாக அனுப்ப முடியாது. லவுஞ்ச் பழக்கமில்லாதவர் உள்ளே போய்த் தத்துப்பித்தென்று ஏதாவது செய்துவிட்டால் சம்பந்தமே போய்விடும் என்றார் மாமா. ஆகமொத்தம் இரண்டு பேர் ஆகிவிட்டது.

"அவர் வெளியே வரப்படாதா மாமா? நாலடிதானே?"

"லவுஞ்சுக்குள்ள இருக்கறவர் எதுக்குடி வெளியே வரணும்? வெளியே வரதுக்கா லவுஞ்ச் கட்டியிருக்கான்?" என்று மாமா சீறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அஞ்சே நிமிஷம். அறிமுகம் பண்ணிவெச்சுட்டு நான் வெளியே வந்துடறேன். நீ போயிக்கோ," என்றார். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். அப்பா ஒருதரம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். நினைவிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கதவு சாத்திக்கொண்டது.

கதவின் மேல் பாதி கண்ணாடி. செங்கமலம் உயரமானவள், எட்டிப் பார்த்தாள்.

லவுஞ்ச் என்பது இதுதான்: நாலைந்து பிரம்பு நாற்காலி, ஒன்றுக்கு இருக்கை கிழிந்து கயிறு கட்டியிருந்தது. மேலே ஒரு விசிறி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மேஜையில் அட்டை போன இங்கிலீஷ் பத்திரிகைகள், ஒரு பிளாஸ்கு, பீங்கான் தட்டில் வெட்டிவைத்த கேக்குத் துண்டுகள். காஷ்மீர் ஆப்பிள் என்ன, ஒரு கொய்யாகூட இல்லை. செங்கல்பட்டு ஜங்ஷனில் மேல் வகுப்புப் பயணிகள் தங்கும் அறை இதைவிட மேல், அங்கே சாய்வு நாற்காலியாவது உண்டு. மாமா போன வேகத்தில் இடுப்பு வரை புதைவதற்காகத் தொப்பென்று உட்கார்ந்தார். பிரம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் மாமா விட்டுக்கொடுக்கிறவரா? முதுகை வளைத்து முன்னால் சரிந்து, புதைவதைத் தாமாகவே செய்துகொண்டார். மப்ளருக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. அவர் அவிழ்க்கவில்லை.

அம்பி கோட்டும் டையுமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆள் பார்க்க மோசமில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், பிளாஸ்கைப் பார்த்தான். கதவுப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அவன் காலை மாற்றிப் போட்டபோதெல்லாம் அப்பா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் போய்விட்டது. மாமா வரவில்லை. செங்கமலம் கதவைச் சற்றுத் திறந்து, வெளியே வரும்படி அவருக்குச் சைகை காட்டினாள். மாமா செங்கல்வராயனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நான் வெளியே போனா மறுபடி உள்ளே வரலாமா?"

"அது முடியாது சாமி. போனா போனதுதான்."

மாமா மறுபடியும் புதைந்துகொண்டார். மூன்று வருஷமாகக் கதையிலேயே குடியிருந்த இடம், கைக்குக் கிடைத்தபின் தங்கை பெண்ணுக்காக விட்டுவிட்டு வர அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

வெளியே வராந்தாவில் வெயில் கொளுத்திற்று. அம்மா கம்பளிப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மரபெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுபஹான் பாய் காரை நிழலில் விட்டுவிட்டு வந்தவர், இவர்கள் வெளியே நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னா டீச்சரம்மா, நீங்க உள்ள போவலியா?"

"ரெண்டு பேருக்குத்தான் இடமாம் பாய்."

"எங்க ஜனத்துல பொம்பளைங்க போயிதான் பொண்ணப் பாக்கும். மாப்ள பாக்க மாட்டான். உங்க ஜனத்துல மாப்ளயே வந்து பாப்பான்னு சொல்லுவாங்க." பாய் கண்ணாடி வழியாக ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார். "இப்ப உங்க மாமாவத்தான் பாத்துகினு கீறாரு."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. அவமானமாகவும் இருந்தது. பின்னலை இழுத்துப் பார்த்த மாமிகூட இவளை எதிரே உட்காரவைத்துத்தான் இழுத்தாள்.

திரும்பி வந்து கண்ணாடியருகே நின்றாள். உள்ளே அம்பி கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அவள் போட்டோ. பெற்ற பெண்ணின் போட்டோவை அப்பா முதல் தடவை பார்க்கிறவர்போல வாங்கிப் பார்த்து, பலமாகத் தலையாட்டினார். மாமாவும் எட்டிப் பார்த்து ஆட்டினார். மூன்று ஆண்களும் போட்டோவை வைத்துக்கொண்டு பெண் பார்த்தார்கள். போட்டோவில் இருந்தவள் நாலடி தூரத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அப்புறம் கேக்குத் தட்டு நகர்ந்தது. வரதாச்சாரி வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். ஆபீசுக்கே கூஜா கொண்டுபோகிறவர். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். மாமா அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது பிற்பாடு தெரிந்தது: ஏரோட்ரோம் ஆகாசத்தைச் சேர்ந்தது, ஆகாசத்துக்கு ஏது தீட்டு? தட்டு இரண்டாந்தடவை நீட்டப்பட்டது. ஒத்திகைப்படி அப்பா எடுத்துக்கொண்டார்.

செங்கமலம் கண்ணாடியைத் தட்டினாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவளைத்தான் பார்த்தார், சந்தேகமே இல்லை. கையிலிருந்த கேக்கோடு அந்தக் கையை உயர்த்தி, "இரு" என்று காட்டினார். பிறகு அம்பி பக்கம் திரும்பிச் சிரித்தார்.

செங்கல்வராயனுக்கே மனசு கேட்கவில்லை. "கல்யாணப் பொண்ணு நீதானாம்மா? முன்னாடியே சொல்லக்கூடாதா? சரி, போ. ஒரு ஆளு தானே, யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவள் கதவில் கை வைத்தாள். அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி! உள்ளே ரெண்டு பேர் இருக்கா. நீயும் போனா மூணு. நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகப்படாது."

"அவரோட சேத்தா நாலும்மா."

"அவா வேற, நாம வேற. நம்மாத்துப் பேர்தான் கணக்கு."

"அப்ப நீயும் வா. நாலு ஆயிடும்."

அம்மா செங்கல்வராயனைப் பார்த்தாள். "ஒருத்தருக்குத்தான் கண்ண மூடிக்குவேன். ரெண்டு பேருன்னா என் வேலை பூடும்," என்றான் அவன். அம்மா பிடியைத் தளர்த்தவில்லை. செங்கமலம் உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பாவுக்குக் கட்டாயம் நினைவு வரும், எழுந்துவந்து கூப்பிடுவார் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயதில், கணக்கு டீச்சர், இப்படி ஒரு தப்புக் கணக்கு.

ஒலிபெருக்கி கொழும்பு விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டது. கதவு திறந்தது. முதலில் மாமா வந்தார், மப்ளர் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது, முகத்தில் பட்டாபிஷேகக் களை.

"முடிஞ்சது சுந்தரவல்லி! தட்டு மாத்தியாச்சு. ஆவணியிலே முகூர்த்தம். மாப்பிள்ளை தங்கமான மனுஷர். இன்னொரு துண்டு எடுத்துக்கோங்கோன்னு ஒரே வற்புறுத்தல்."

"தட்டு மாத்தியாச்சா?" என்றாள் செங்கமலம். மாமாவைக் கேட்கவில்லை. பின்னால் வந்த அப்பாவைக் கேட்டாள்.

வரதாச்சாரி மேல்துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவர் கேட்டார்... உப்பிலியும் தட்டை நீட்டிட்டார். அவ்வளவு பெரிய மனுஷாளை வெச்சுண்டு, பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்னு எப்படிம்மா சொல்றது?"

அம்பி பையும் கையுமாக அவசரமாக வெளியே வந்தான். "சேவிச்சுக்கோடி," என்று மாமா அவளை முன்னால் தள்ளினார்.

"அதெல்லாம் வேண்டாம், டைம் இல்லை," என்றான் அம்பி, கடிகாரத்தைப் பார்த்தபடியே. "போட்டோவிலேயே பாத்துட்டேன். மாமா எல்லாம் சொல்லிட்டார். எனக்குச் சம்மதம்."

"எனக்குச் சம்மதம் இல்லை," என்றாள் செங்கமலம்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"என்னடி உளர்றே? எதைப் பாத்து வேண்டாங்கறே? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கியா, முகத்தையாவது சரியாப் பாத்திருக்கியா?"

"இல்லை மாமா. அவரும்தான் என்னைப் பாக்கலை, பேசலை. பாக்காமலே அவர் சரின்னு சொல்லலாம்னா, பாக்காமலே நான் இல்லைன்னு சொல்லலாம்."

அம்பி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. "கிளம்புங்கோ, உங்களுக்கு நாழியாறது," என்றாள் செங்கமலம், மரியாதையாகவே. அவன் போனான். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பெண் பார்க்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது போலிருக்கிறது.

மாமா குதித்தார். இந்த ஜில்லாவில் இனி எந்த லவுஞ்சிலும் தலைகாட்ட முடியாது என்றார். இத்தனைக்கும் ஜில்லாவில் இருந்தது அந்த ஒன்றுதான். அம்மா கம்பளிப் போர்வையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு மாமிக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதாள். செங்கமலம் கார் நின்ற மரத்தடிக்கு நடந்தாள். கொழும்பில் என்ன இருந்ததோ, அவன் வேலை பார்க்க விட்டிருப்பானோ என்னவோ, இனி தெரியப்போவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இருந்தது.

வரதாச்சாரி பின்னாலேயே வந்தார். மற்றவர்கள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதுபோல் மெல்லிய குரலில் கேட்டார்.

"உனக்கு மனசில்லேன்னா, என்னை அப்பவே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"கூப்பிட்டேன் அப்பா. கண்ணாடியைத் தட்டினேன். நீங்க கையிலே கேக்கை வெச்சுண்டு 'இரு'ன்னேள்."

வரதாச்சாரி வலது கையை வேஷ்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மாமாவும் அம்மாவும் வந்து நின்றபின்னும் வழிவிடாமல், முதலில் அவளை ஏறச் சொன்னார்.